கார் ராத்திரியில் எங்கே நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரம் முன்பு வாசகர் பக்கத்தில் பிரிட்டோரியாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். கல்மழையில், அதாவது ஆலங்கட்டி மழையில், கார் முழுக்க ஒடுக்கு விழுந்துவிட்டது, இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தர முடியாது என்று போன மாதம் கடிதம் அனுப்பிவிட்டார்கள், வானம் செய்ததற்கு யாரைப் போய்க் கேட்பது, தலையெழுத்து என்று விட்டுவிட்டேன் என்று முடித்திருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள் ஐயா. எங்களுக்கும் இதேதான் நடந்தது. நாங்களும் முதலில் அப்படித்தான் உட்கார்ந்துவிட்டோம், அப்புறம் எழுந்து கேட்டோம், கிடைத்தது. எப்படிக் கேட்டோம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மதுரைப் பக்கம். 2012இல் என் கணவரின் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் வந்தோம், இப்போது ஜோஹன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவே மிட்ராண்டில் இருக்கிறோம். வந்த மறு வருடமே, 2013 நவம்பர் 28ஆம் தேதி இந்த இரண்டு ஊர்களும் இருக்கிற கௌட்டெங் மாகாணத்தில் அடித்த அந்தப் பெரிய கல்மழையைப் பார்த்தோம். பழைய ஆட்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுவார்கள். அந்த மழைக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் நூறு கோடி ராண்டுக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது. அப்போது எங்களிடம் கார் கிடையாது, ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

ஊரில் ஆலங்கட்டி மழை என்றால் எப்போதாவது கோடையில் ஒரு தடவை வரும், பிள்ளைகள் ஓடிப்போய்ப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வோம். இங்கே நிலைமை வேறு. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானலைவிட நானூறு மீட்டர் போலத்தான் தாழ்வு. மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், அந்தச் சூட்டில் காற்று வேகமாக மேலே கிளம்பும், அது மழைத்துளியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் உறைய வைக்கும், உறைந்த துளி மேலேயே சுற்றிச் சுற்றிப் பெருத்து, இனிமேல் காற்றால் தாங்க முடியாது என்கிறபோது விழும். தரையே உயரத்தில் இருப்பதால் வழியில் உருகுவதற்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம், நவம்பரும் டிசம்பரும்தான் உச்சம், அதிலும் பெரும்பாலும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல். டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிற நம் ஆட்களுக்கு இது அவ்வளவாகப் பழக்கம் இல்லை, அங்கிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் எங்களைப் போலவே விவரம் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

எங்களுக்கு நடந்தது போன கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை. கோவிலில் அன்னதானம், வெளியே புல்தரையில் ஐம்பது கார்களுக்கு மேல் நிற்கிறது. மூன்றரை மணி இருக்கும், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம், தெற்கே வானம் கறுத்து, அடியில் ஒரு மாதிரிப் பச்சை நிறம் தெரிந்தது. பக்கத்தில் இருந்த, நம் ஆட்கள் அதிகம் இருக்கிற லெனேசியாவைச் சேர்ந்த தாத்தா நிமிர்ந்து பார்த்துவிட்டு, யாருக்காவது காரை எடுக்க வேண்டுமானால் இப்போதே எடுங்கள் என்று சத்தம் போட்டார். அவர் நான்காம் தலைமுறை, தமிழ் அவ்வளவாக வராது, நாற்பது வருடம் பேனல் பீட்டராக இருந்தவர், நம் ஊரில் டிங்கர் வேலை என்போமே அதுதான். யாரும் அசையவில்லை, மழைதானே என்று நினைத்தோம். முதலில் தகரக் கூரையில் ஒன்று இரண்டாக டொக் டொக் என்று விழுந்தது, அப்புறம் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும், அதற்கு மேல் இல்லை. நின்றதும் வெளியே போனால் புல்தரை வெள்ளையாக இருக்கிறது, அத்தனை காரின் பானட்டும் அம்மை போட்ட மாதிரி இருக்கிறது, எங்கள் கொரோலாவின் பின் கண்ணாடி மொத்தமும் உதிர்ந்து, பிள்ளையின் கார் சீட் மேல் பொடிப்பொடியாகக் கிடந்தது. பிள்ளை உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

தாத்தாதான் அப்போது எங்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது, விரிசல் விட்டாலும் நின்றுவிடும், பின்னாலும் பக்கத்திலும் இருப்பது அப்படி இல்லை, உடைந்தால் மொத்தமாகப் பொடியாகிவிடும் என்றார். எதையும் கூட்டித் தள்ளாதீர்கள், முதலில் படம் எடுங்கள் என்றார். ஒரு கல்லைக் கையில் கொடுத்து, பக்கத்தில் ஐந்து ராண்ட் காசை வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். காசைவிட அது பெரிதாக இருந்தது. இன்னொன்றை ஒருவர் உடைத்துக் காட்டினார், உள்ளே வெங்காயம் மாதிரி வளையம் வளையமாக, ஒரு அடுக்கு பால் வெள்ளை, ஒரு அடுக்கு கண்ணாடி. படமெல்லாம் எடுத்த பிறகு, பின் கண்ணாடி இருந்த இடத்தில் கறுப்புக் குப்பைப் பையை விரித்து டேப் ஒட்டி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தோம். அந்த டேப் வாங்கிய ரசீதைக்கூட வைத்துக்கொள்ளச் சொன்னார், ஏனென்றால் சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசி எடுத்தவரின் கடமை, உள்ளே தண்ணீர் இறங்கி சீட்டும் வயரிங்கும் கெட்டால் அதற்குத் தர மாட்டேன் என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

சரி, இன்சூரன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் எடுக்கவே கூடாது, அது சட்டம். அந்தப் பழக்கத்தில், இங்கே வருகிறவர்கள் வண்டி வாங்கியதுமே ஏதோ ஒரு இன்சூரன்ஸ் தானாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் சொந்தக் காருக்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பெட்ரோல் விலைக்குள்ளேயே ஒரு தொகை சாலை விபத்து நிதிக்குப் போகிறது, அது விபத்தில் அடிபட்டவருக்கும் உயிர் போனவரின் குடும்பத்துக்கும் மட்டும்தான், காரின் தகரத்துக்கு அதிலிருந்து ஒரு சென்ட் வராது. இங்கே ரோட்டில் ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு மேல் எந்த இன்சூரன்ஸும் இல்லாதவை. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தாலோ, தீயும் திருட்டும் சேர்த்து எடுத்தாலோகூடக் கல்மழைக்குப் பொதுவாகக் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் என்கிற முழு பாலிசி வேண்டும். வங்கிக் கடனில் வாங்கினால் வங்கியே அதைக் கட்டாயமாக்கிவிடும். ரொக்கம் கொடுத்துப் பழைய கார் வாங்குகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள், புதிதாக வருகிற நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

எங்களிடம் முழு பாலிசி இருந்தது. மாதாமாதம் ஒரு தடவைகூடத் தவறாமல் கட்டியிருக்கிறோம். அன்று சாயங்காலமே போன் செய்து பதிவு செய்துவிட்டோம். பெரும்பாலான பாலிசிகளில் முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று இருக்கும், ஆனால் அதுவரை காத்திருப்பதில் அர்த்தம் இல்லை, பெரிய மழை என்றால் ஒரே நாளில் எல்லோரும் போன் செய்வார்கள், முதலில் சொன்னவருக்கு முதலில் ஆள் வரும். மதிப்பீட்டாளர் வந்தார், நல்ல மனிதர், சாய்வாக லைட் அடித்து ஒவ்வொரு ஒடுக்காக வெள்ளைப் பென்சிலால் வட்டம் போட்டார், டாப்பில் மட்டும் எண்பத்தேழு. பானட், டிக்கி, இரண்டு பக்கக் கதவு எல்லாம் சேர்த்து 52,000 ராண்ட் என்று கணக்கு வந்தது. போகும்போது சாதாரணமாகக் கேட்டார், கார் ராத்திரியில் எங்கே நிற்கும் அம்மா என்று. இதோ இங்கேதான், காம்ப்ளெக்ஸில் எங்களுக்கு ஒதுக்கிய திறந்த இடத்தில் என்று கையைக் காட்டினேன்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. பாலிசியில் இந்தக் கார் ராத்திரி பூட்டிய கராஜில் நிற்கும் என்று எழுதியிருக்கிறது, நீங்கள் எட்டு மாதமாகத் திறந்த வெளியில் நிறுத்தியிருக்கிறீர்கள், மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை, ஆகவே உங்கள் கோரிக்கையை ஏற்க முடியாது.

எழுதியிருப்பது உண்மைதான். பாலிசி எடுத்தபோது தனி வீட்டில் இருந்தோம், கராஜ் இருந்தது. அப்புறம் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாக வேண்டும் என்று காம்ப்ளெக்ஸுக்கு மாறினோம். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, என் கணவர் தன் தப்புதான் என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தாவிடம் சொன்னபோது அவர் இரண்டே இரண்டு கேள்வி கேட்டார். கல் விழுந்தது ராத்திரியிலா? வீட்டிலா?

இரண்டும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம், கோவில் புல்தரையில். வீட்டில் தங்கத்தால் கராஜ் கட்டியிருந்தாலும் அந்தக் காரில் அந்த எண்பத்தேழு ஒடுக்கும் விழுந்திருக்கும். அந்தச் சேதத்துக்கும் கராஜுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த ஒரு வாக்கியம்தான் எங்களை எழுப்பி நிற்க வைத்தது.

அப்புறம்தான் என் கணவருக்கு ஞாபகம் வந்தது, வீடு மாறிய வாரமே அவர் அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து புது முகவரி கொடுத்திருக்கிறார். முகவரியை மாற்றிக்கொண்டார்கள், பிரீமியத்தில்கூட ஏழு ராண்ட் கூடியது, ஆனால் கார் இனிமேல் எங்கே நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை. இங்கே இன்சூரன்ஸ் கம்பெனிகள் இந்த மாதிரிப் பேச்சுகளையெல்லாம் பதிவு செய்து வைக்கிறார்கள், பாலிசியே பாதி நேரம் போனில்தான் விற்கிறார்கள். அந்தப் பதிவைக் கேட்டு வாங்கலாம். எழுத்தில் கேட்டோம், ஒரு தடவை கேட்டுப் பதில் இல்லை, இரண்டாம் தடவை கேட்டதும் அனுப்பினார்கள். நாங்கள் இருவரும் சமையலறையில் உட்கார்ந்து கேட்டோம். நான்கு நிமிடம் சொச்சம். முகவரியை எழுத்துக் கூட்டிச் சொல்கிறார், அது தனி வீடா காம்ப்ளெக்ஸா என்று கம்பெனிப் பெண் கேட்கிறார், காம்ப்ளெக்ஸ் என்று இவர் தெளிவாகச் சொல்கிறார், வேறு ஏதாவது வேண்டுமா சார், இல்லை, நன்றி. அவ்வளவுதான். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, மனுஷன் ஒன்றரை வாரமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு சட்ட விஷயம், பிரிட்டோரியா வாசகர் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். கோரிக்கையை நிராகரித்தால், அந்தக் கடிதம் கிடைத்ததிலிருந்து 90 நாளுக்குள் நிராகரிப்பை எதிர்த்து அதே கம்பெனிக்கு எழுத உங்களுக்கு உரிமை உண்டு. பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகளிலேயே இது இருக்கிறது. அந்த 90 நாள் முடிந்த பிறகும் வழக்குப் போட குறைந்தது ஆறு மாதம் கொடுக்க வேண்டும். நிராகரிப்புக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இதையெல்லாம் அவர்களே எழுதியிருப்பார்கள், முதல் பத்தியைப் படித்ததும் மனசு உடைந்துபோய் நாம்தான் அதுவரை போவதில்லை. கம்பெனி அப்படியும் மறுத்தால், இந்த மாதிரிப் புகார்களை விசாரித்துத் தீர்த்து வைக்கிற தேசிய நிதி ஆம்பட் அமைப்பு இருக்கிறது, முன்பு வங்கிக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று, இன்சூரன்ஸுக்கு இரண்டு என்று தனித்தனியாக இருந்த அலுவலகங்களை 2024 மார்ச் 1 முதல் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பாலிசிதாரருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், நீங்களே எழுதலாம்.

நாங்கள் ஒரே பக்கம்தான் எழுதினோம். சேதம் எங்கே, எப்போது நடந்தது, அதற்கும் ராத்திரி நிறுத்தும் இடத்துக்கும் என்ன சம்பந்தம், முகவரி மாற்றிய போன் பேச்சில் காம்ப்ளெக்ஸ் என்று சொன்னது எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, அதன் பிறகும் நிறுத்தும் இடம் பற்றிக் கேட்காதது ஏன். கோபமாக ஒரு சொல்கூடப் போடவில்லை, என் கணவர் போட்டிருந்ததை நானே அடித்துவிட்டேன். ஆம்பட் வரை போக வேண்டி வரவில்லை. ஆறாவது வாரம் ஒப்புக்கொண்டார்கள். திறந்த இடத்தில் நிறுத்தினால் பிரீமியம் எவ்வளவு கூடியிருக்குமோ அந்த எட்டு மாத வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம் என்றார்கள். அது நியாயம், ஒத்துக்கொண்டோம். எக்சஸ் என்று பாலிசிப்படி நாமே ஏற்க வேண்டிய பங்கு 6,500 ராண்ட் கட்டினோம். கம்பெனியின் பெயரை நான் எழுதவில்லை, எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அந்தத் தாளில் அந்த வரி இருக்கத்தான் செய்யும்.

அந்த வரியைத்தான் எல்லோரும் இன்று ராத்திரியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். பகலில் எங்கே, ராத்திரியில் எங்கே, பூட்டியதா, கூரை இருக்கிறதா, யார் ஓட்டுகிறார்கள். கல்மழை என்று பாலிசியில் தனியாக ஒரு பத்தி இருக்கிறதா என்றும் பாருங்கள், கூரைக்குக் கீழே இல்லாவிட்டால் எக்சஸ் கூடும் என்று சில பாலிசிகளில் இருக்கும். கண்ணாடிக்குத் தனி எக்சஸ் இருக்கும், பொதுவாகக் குறைவு. கார் மொத்தமாகப் போய்விட்டால் எந்த விலை தருவார்கள், கடை விலையா, சந்தை விலையா, டீலர் உங்களிடம் வாங்குகிற விலையா, அதையும் கேளுங்கள். கல்மழையில் கார் மொத்தமாகப் போகுமா என்று கேட்பீர்கள். போகும். பன்னிரண்டு வருடப் பழைய கார், என்ஜின் அருமையாக ஓடும், ஆனால் ஒடுக்கு எடுக்கிற செலவு காரின் மதிப்பில் பெரும்பங்கைத் தின்றுவிட்டால் ரைட் ஆஃப் என்று எழுதிவிடுவார்கள். கோவிலில் எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அக்காவின் கார் அப்படித்தான் போனது, கையில் வந்த பணம் வங்கியில் இருந்த கடனுக்கே போதவில்லை, இல்லாத காருக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் குறையை மட்டும் ஈடுகட்டத் தனியாக ஒரு பாலிசி உண்டு, கடனில் கார் வைத்திருக்கிறவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

பணம் வந்த பிறகு ரிப்பேர். இதில் நான் கற்றுக்கொண்டது நிறைய. நம் ஊர் மாதிரி தட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பது ஒரு வழி. பெயிண்ட் உடையாமல் தகரம் மட்டும் உள்வாங்கியிருந்தால், பெயிண்ட்டைத் தொடாமலே ஒடுக்கு எடுக்கிற வழி இருக்கிறது. எங்கள் காருக்கு அப்படித்தான் செய்தார்கள், ஒரு நாள் அனுமதி கேட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கூரையின் உள்துணியை முழுக்கக் கழற்றிவிட்டார்கள். வெளியே கோடு கோடாக வெளிச்சம் வருகிற ஒரு பலகையைச் சாய்த்து வைத்தார்கள், நல்ல தகரத்தில் அந்தக் கோடுகள் நேராக ஓடுகின்றன, ஒடுக்கு இருக்கிற இடத்தில் மட்டும் வளைந்து கண் மாதிரி சுழிக்கின்றன. அந்தப் பையன் நீளமான வளைந்த கம்பியை உள்ளே விட்டு, கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், கடுகளவு கடுகளவாக அழுத்துகிறான். அழுத்த அழுத்தக் கோடு நேராகிறது. ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டால் மேலே புடைத்துக்கொள்ளும், அப்புறம் மரத்துண்டு வைத்து மெல்லத் தட்டி இறக்க வேண்டும். உள்ளேயிருந்து கை எட்டாத இடங்களில் பசை வைத்து ஒரு குமிழை ஒட்டி வெளியே இழுக்கிறார்கள். ஒரு கதவுக்கு அரை நாள் ஆனது. இவ்வளவு பொறுமையான வேலைக்கு அவர்கள் கேட்கிற கூலி அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. மடிப்பு ஓரங்களிலும், அலுமினியம் பானட் உள்ள கார்களிலும் இது கஷ்டம், பெயிண்ட் விரிசல் விட்ட இடத்தில் பயன்படாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். மழை அடித்த மறுநாளே மால் பார்க்கிங்கிலும் ரோபோவிலும், இங்கே சிக்னலை ரோபோ என்றுதான் சொல்வார்கள், ஆட்கள் வந்து நின்று ஐந்நூறு ராண்ட் கொடுங்கள், இங்கேயே ஒடுக்கு எடுத்துத் தருகிறேன் என்பார்கள். மதிப்பீட்டாளர் பார்ப்பதற்கு முன் யாரையும் காரைத் தொட விடாதீர்கள். எங்கள் தெரிந்தவர் ஒருவர் அவசரப்பட்டுச் செய்யச் சொன்னார், அந்த ஆள் உறிஞ்சான் வைத்து இழுத்து மெழுகைத் தேய்த்துவிட்டுப் போனான், வெயிலில் மெழுகு போனதும் ஒடுக்கு அப்படியே இருந்தது, கூடவே பெயிண்ட்டில் வட்ட வட்டமாகக் கீறல். அதே மாதிரி, ரிப்பேருக்குப் பதிலாகக் கையில் பணம் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கம்பெனி கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள். வாங்கிக்கொண்டு ஒடுக்கோடு ஓட்டினால், அடுத்த கல்மழையில் அது பழைய சேதம் என்று கழித்துவிடுவார்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியையும் கேட்காமல் வாங்க முடியாது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி ஆரம்பம் வரை இங்கே பட்டறைகள் பாதி மூடிக்கிடக்கும், அதனால் நவம்பரில் அடிபட்ட கார் பிப்ரவரி வரை காத்திருப்பது சகஜம். அந்த நாட்களுக்கு மாற்றுக் கார் தருவார்களா, எத்தனை நாள் தருவார்கள் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

இன்சூரன்ஸே இல்லாதவர்களிடம் நான் என்ன சொல்ல? மால்காரர்களோ நகராட்சியோ கல்மழைக்குப் பணம் தர மாட்டார்கள். உடைந்த கண்ணாடியை முதலில் மாற்றுங்கள், பெயிண்ட் பெயர்ந்த இடத்தைத் துரு பிடிக்காமல் மூடுங்கள், ஒடுக்கு கிடக்கட்டும், ஒடுக்கோடு கார் ஓடும். காரை விற்கிறபோது பார்த்துக்கொள்ளலாம்.

ரோட்டில் மாட்டிக்கொள்வது பற்றியும் ஒரு வார்த்தை. என்1, என்3 மாதிரி பெரிய சாலைகளில் கல் விழ ஆரம்பித்ததும் பாலத்துக்கு அடியில் போய் அப்படியே நிறுத்திவிடுகிறார்கள், ஓரத்தில்கூட இல்லை, ஓடுகிற தடத்திலேயே. பின்னால் வருகிறவனுக்கு மழையில் பத்து மீட்டர்கூடத் தெரியாது. பானட்டைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, முடிந்தால் அடுத்த வெளியேறும் வழியில் இறங்கிப் பெட்ரோல் பங்க் கூரைக்குக் கீழே நில்லுங்கள். பள்ளமான இடத்திலும் நிற்க வேண்டாம், 2016 நவம்பர் 9 அன்று ஜோஹன்னஸ்பர்க்கில் என்3 சாலையிலேயே திடீர் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனதை மறந்துவிடக் கூடாது. டிசம்பர் விடுமுறைக்கு டர்பன் போகிறவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பினால் ஹாரிஸ்மித், வான் ரீனன் கணவாய் எல்லாம் மத்தியானத்துக்கு முன்பே தாண்டிவிடலாம், ட்ராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் கல்மழை இங்கே ஜோஹன்னஸ்பர்க்கைவிட அதிகம். தென்னாப்பிரிக்க வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை போடுகிறது, காலையில் அதைப் பார்த்துவிட்டு, ஆரஞ்சு என்றால் அன்றைக்குக் காரை எங்கே விடுவது என்று யோசித்துக்கொண்டே கிளம்புங்கள்.

காம்ப்ளெக்ஸில் இருக்கிறவர்கள் கார் நிற்கிற இடத்துக்குக் கூரை போட நினைத்தால் பாடி கார்ப்பரேட் என்கிற வீட்டு உரிமையாளர் சங்கத்திடம் முதலில் அனுமதி வாங்க வேண்டும், நாங்கள் இப்போது கேட்டிருக்கிறோம். நிழல் வலை போட்டால் வெயிலுக்கு ஆகும், சின்னக் கல்லையும் ஓரளவு தாங்கும், நன்றாக இழுத்துச் சரிவாகக் கட்டாவிட்டால் கல் தேங்கிப் பாரம் தாங்காமல் கிழிந்து காரின் மேலேயே விழும். தகரக் கூரைதான் நல்லது. அது வரும்வரை காரின் மேல் போர்த்திக் கட்டப் பழைய கனத்த ரஜாய் இரண்டும் கயிறும் டிக்கியில் வைத்திருக்கிறேன். மழையில் நனைந்தால் நாற்றம் அடிக்கும், பரவாயில்லை. எங்கள் கோவிலிலும் தாத்தா சொல்லி, இந்த வருடம் கார்த்திகை முழுக்க அன்னதானத்தைப் பதினொரு மணிக்கே தொடங்கி இரண்டுக்குள் முடிப்பதாக முடிவு செய்திருக்கிறார்கள்.

பிரிட்டோரியா ஐயாவுக்கு: நிராகரிப்புக் கடிதம் போன மாதம் வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் 90 நாள் இன்னும் முடியவில்லை. கடிதத்தை எடுத்து, எந்தக் காரணத்துக்காக மறுத்தார்கள் என்கிற வரியையும் தேதியையும் பாருங்கள். பாலிசி எடுத்தபோது பேசிய பேச்சின் பதிவை இன்றே மின்னஞ்சலில் கேளுங்கள். நாங்கள் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தின் நகலை, எங்கள் பெயரையும் பாலிசி எண்ணையும் மறைத்து, தமிழில் ஒரு குறிப்போடு ஆசிரியருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஆசிரியர் அவர்களே, அதைப் பிரிட்டோரியா ஐயாவுக்குச் சேர்ப்பித்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மிட்ராண்டிலிருந்து ஒரு வாசகி